பினாயில் ஊற்றிய அரிசி

என் அக்கா புருஷன் லூர்துராஜுக்குக் கை முந்திக்கொள்ளும், பேச்சு பிறகுதான் வரும். பாலில் தண்ணீர் கலந்தவனை அடித்திருக்கிறார். தேர்த்திருவிழாவில் தோளில் இடித்தவனை அடித்திருக்கிறார். என்னையும் ஒருமுறை அறைந்தார்; எதற்கென்று இரண்டு பேருக்குமே மறந்துபோயிற்று. அக்கா ஞானத்தை மட்டும் அவர் தொட்டதில்லை. அவள் ஊதுகுழலைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரிந்ததுதான் அதற்குக் காரணம் என்பது எங்கள் வீட்டார் அபிப்பிராயம்.

முனிசிபாலிட்டியில் சுகாதாரப் பிரிவு பியூன் அவர். சானிட்டரி இன்ஸ்பெக்டர் முன்னால் நடப்பார், மச்சான் பின்னால் பினாயில் டின்னைத் தூக்கிக்கொண்டு நடப்பார். அழுகின மீன், ஈ மொய்த்த அல்வா, பூஞ்சை பிடித்த மாவு என்று ஏதாவது கடையில் அகப்பட்டால் இன்ஸ்பெக்டர் முகர்ந்து பார்த்துவிட்டு, “ஊத்து” என்பார். பறித்ததைச் சும்மா குப்பையில் கொட்டினால் பசித்தவன் பொறுக்கித் தின்றுவிடுவான் அல்லவா? அதற்காகத்தான் பினாயில். ஊற்றிவிட்டால் நாய்கூடக் கிட்டே வராது. இன்ஸ்பெக்டர் வாயைத் திறக்காமல் மச்சான் ஒரு சொட்டுகூட ஊற்றியதில்லை. வாயைத் திறந்துவிட்டால் ஊற்றாமல் விட்டதும் இல்லை.

வீதியில் அவருக்குப் பெயரே பினாயிலு. அதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. சின்ன வயதில் ஒரு காலரா சீசனில் தாயையும் தம்பியையும் அடுத்தடுத்துப் புதைத்தவர். வீதியில் வாங்கிய மீன்தான் அவர்களைக் கொன்றது என்று யாரோ சொல்லிவைத்தார்கள். அதிலிருந்து கெட்ட பண்டம் விற்கிறவன் எல்லாம் அவர் கண்ணுக்குக் கொலைகாரன். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போகாமல் இருந்தாலும் இருப்பார், காலை ரவுண்டுக்குப் போகாமல் இருக்கமாட்டார்.

ஒச்சாயி கதை நடந்தது முப்பத்தேழாம் வருஷம். திருமங்கலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து பிழைக்க வந்தவள். கீழவெளி வீதி முனையில் அவளும் புருஷன் பேயாண்டியும் இட்லிக்கடை போட்டிருந்தார்கள். காலரா பரவியிருந்த சமயம். மூடாத மாவுப் பானையில் ஈ செத்துக் கிடந்தது. இன்ஸ்பெக்டர் “ஊத்து” என்றார், மச்சான் ஊற்றினார்.

“யோவ், ஈயை எடுத்துப் போட்டா ஆச்சு. அதுக்குப் பானையோடயா ஊத்துவ?” என்று பேயாண்டி எழுந்து, கையிலிருந்த இரும்புக் கரண்டியால் மச்சான் மண்டையில் போட்டான். மச்சான் டின்னாலேயே திருப்பி அடித்தார். முதல் அடியில் பல் உதிர்ந்தது. பேயாண்டி கீழே விழுந்த பிறகும் விடாமல் அவன் கையை மிதித்து ஒடித்தார். நான் அங்கே இல்லை, ஆனால் எலும்பு முறிந்த சத்தம் எதிர்ச் சந்து வரைக்கும் கேட்டது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். சர்க்கார் ஊழியரை அடித்த குற்றத்துக்காகப் பேயாண்டியை ஜெயிலில் போட்டார்கள். ஒடிந்த கையோடும் இருமலோடும் திரும்பி வந்தவன் அடுத்த மழைக்காலம் தாண்டவில்லை.

ஒச்சாயி கடையைக் காலி பண்ணவில்லை. கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அதே முனையில், பானையை மூடி வைத்து இட்லி விற்றாள். மச்சான் கடந்து போகும் காலைகளில், “பினாயிலு, இன்னைக்கு எவ வயித்துல ஊத்தப் போற?” என்று வீதி கேட்கக் கேட்பாள். ஊரையே அடித்த மனிதர் அவளுக்கு மட்டும் பதில் சொன்னதில்லை. தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவார்.

யுத்தம் வந்தது. பர்மா போயிற்று, பர்மா அரிசியும் போயிற்று. நெல்லும் அரிசியும் சர்க்கார் சரக்காகிவிட்டன. குடும்பத்துக்கு ஒரு ரேஷன் கார்டு, வார்டுக்கு ஒரு டிப்போ, வாரத்துக்கு ஒருநாள் அரிசி. வெளியில் வாங்கலாம் என்றால் கள்ள மார்க்கெட் விலைக்கு மில் கூலி எந்த மூலைக்கு? டிப்போவில் எதை அளந்து போட்டார்களோ அதைத்தான் தின்றோம். முதலில் உடைந்த அரிசி வந்தது, அப்புறம் கல்லோடு வந்தது, அப்புறம் புழுவோடு வந்தது. நாற்பத்துநாலாம் வருஷம் ஐப்பசியில் நாற்றத்தோடு வந்தது.

சமயநல்லூர்ப் பக்கம் ஒரு கிட்டங்கியில் கூரை ஒழுகி மழையில் நனைந்து கிடந்த மூட்டைகள் அவை. அரிசி மஞ்சளாகிக் கட்டி தட்டியிருந்தது. வடித்தால் சாக்கடை வாடை. அந்த வாரமே எங்கள் வார்டில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் ஆரம்பித்தன. தெருக்கோடியில் இரண்டு பிள்ளைகள் செத்தன. மச்சானுக்கு ஒரே பெண், ஆனிமேரி. அவளும் படுத்தாள். கன்னம் ஒட்டிப்போய், தண்ணீர் கொடுத்தால் அதையும் கக்கினாள். அந்த அரிசியை இனி பிள்ளைக்குக் கொடுத்தால் பிழைக்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வீட்டிலோ குருணைகூட இல்லை. அடுத்த வாரமும் அதே கிட்டங்கி மூட்டைகள்தான் வரப்போகின்றன என்று ஊருக்கே தெரிந்திருந்தது.

மச்சான் தன் இன்ஸ்பெக்டர் வெள்ளைத்துரையிடம் போய் நின்றார். பெயர்தான் வெள்ளைத்துரை, ஆள் நம்மூர்க்காரர்தான்; நல்ல மனிதர், பயந்த சுபாவம். இரண்டு பேரும் அரிசியைப் பொட்டலம் கட்டிக்கொண்டு சப்ளை ஆபீசுக்குப் போனார்கள். அங்கே நடந்ததை மச்சான் பல்லைக் கடித்துக்கொண்டு எனக்குச் சொன்னார்.

அதிகாரி பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லையாம். “கடைக்காரன் வித்தா அது உங்க முனிசிபாலிட்டி சட்டம். இது டெல்லி உத்தரவுல வந்த சர்க்கார் தானியம். உங்க அதிகாரமெல்லாம் டிப்போ வாசப்படியோட சரி” என்றாராம்.

“பிள்ளைங்க சாகுது சார்” என்றிருக்கிறார் வெள்ளைத்துரை.

“தரத்தை நிர்ணயம் பண்றது மேலிடம். இங்க எடை குறைஞ்சாத்தான் நான் பொறுப்பு.”

“நாத்தம் இங்கதானே சார் அடிக்குது?”

“எழுதிக் குடுங்க, மெட்ராசுக்கு அனுப்புறோம். அங்கேருந்து டெல்லிக்குப் போகும். அதுக்குள்ள ஒரு மூட்டையில கை வச்சாலும் யுத்தகாலச் சட்டத்துல உள்ள போயிருவீங்க.”

முனிசிபாலிட்டியில் கேட்டால், சர்க்கார் தானியத்தைத் தொட எங்களுக்கு ஏது அதிகாரம் என்று அவர்களும் கையை விரித்தார்கள். மெட்ராசும் டெல்லியும் யோசித்து முடிக்கிறவரை ஆனிமேரி வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும்.

“அந்த அரிசி எந்த உலையிலயும் ஏறப்படாது மாப்ள. எம் பிள்ளை மேல சத்தியமாச் சொல்றேன்” என்றார் மச்சான். சத்தியம் செய்த கையைச் சுவரில் குத்தினார். விரல் மொளியெல்லாம் ரத்தம்.

டிப்போ நாள் வந்தது. சந்து முழுக்க வரிசை. நானும் பையோடு நின்றேன். எனக்கு முன்னால் ஒச்சாயி நின்றாள். வெள்ளைத்துரை காலை ரவுண்டில் அந்தப் பக்கம் வந்திருந்தார், பின்னால் மச்சான் டின்னோடு. டிப்போ குமாஸ்தா சோணைமுத்து மூட்டைகளின் வாயைப் பிரித்ததும் வரிசை முழுவதும் மூக்கைப் பொத்தியது. ஆனால் ஒருவரும் நகரவில்லை.

ஒச்சாயி திரும்பிப் பார்த்தாள். “ஏய் பினாயிலு! எம் மாவுல ஊத்துனேல்ல? ஒரு ஈக்கு எம் புருசனையே தின்னேல்ல? ஏழை மாவுன்னா ஊத்துவ, சர்க்கார் அரிசின்னா டின்னைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு நிப்பியோ? இதுல ஊத்து பாப்பம்!”

மச்சான் முகம் கறுத்தது. “ஐயா, சொல்லுங்க” என்றார் இன்ஸ்பெக்டரிடம்.

வெள்ளைத்துரை தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஐயா, ஒத்த வார்த்தை. ஊத்துன்னு சொல்லுங்க.”

“வேணாம் லூர்து. நமக்கு அதிகாரம் இல்ல.”

மச்சான் மூடியைத் திருகி எறிந்தார். தடுக்க வந்த சோணைமுத்துவின் முகத்தில் டின்னின் விளிம்பால் அடித்தார். மூக்கு நசுங்கி அவன் தராசின் மேல் விழுந்தான். மச்சான் மூட்டை மூட்டையாக ஊற்றிக்கொண்டே போனார். கறுப்பாக விழுந்த பினாயில் ஈர அரிசியில் பட்டதும் பால்போல வெளுத்தது. கடைசி மூட்டையை எட்டி உதைத்துச் சாய்த்து, அதிலும் ஊற்றிவிட்டுத்தான் நிமிர்ந்தார். இன்ஸ்பெக்டர் சொல்லாமல் அவர் ஊற்றியது அந்த ஒருமுறைதான்.

ஜனங்கள் சந்தோஷப்படப் போகிறார்கள் என்றுதான் நான் மடையன் நினைத்தேன். வரிசையிலிருந்து ஒருவன், “அண்ணே, நாளைக்கு வேற மூட்டை வருமாண்ணே?” என்று கேட்டான்.

சோணைமுத்து ரத்தத்தைத் துப்பினான். “எங்கிட்டு வரும்? இந்த வாரத்துக்கு இம்புட்டுத்தான். போயி மண்ணைத் தின்னுங்க.”

முதல் கல் எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. மச்சான் காதைப் பிய்த்துக்கொண்டு போயிற்று. அப்புறம் வரிசை என்று ஒன்று இல்லை. “எஞ் சோத்துல ஊத்திட்டான்டா!” என்ற கூப்பாட்டோடு அத்தனை பேரும் அவர்மேல் விழுந்தார்கள். முந்தின நாள்வரை அவரைக் கண்டால் ஒதுங்கி நின்ற பால்காரன் டிப்போக் கதவுக் கட்டையை உருவி அவர் முதுகில் போட்டான். மச்சானும் சளைக்கவில்லை. இரண்டு பேரின் தலையைச் சேர்த்து மோதினார், ஒருவன் தோளைக் கடித்தார். குறுக்கே விழுந்த எனக்கு விலா எலும்பு போயிற்று. வெள்ளைத்துரை எப்போது ஓடினார் என்று நான் பார்க்கவில்லை.

ஒச்சாயி தராசிலிருந்து எடைக்கல்லைத் தூக்கினாள். கேலி பேசினாளே தவிர, அவர் நிஜமாகவே ஊற்றுவார் என்று அவளும் எதிர்பார்க்கவில்லை. “எம் பிள்ளை ரெண்டு நாளாப் பட்டினி கெடக்குடா!” என்று அலறிக்கொண்டே அவர் முகத்தில் இறக்கினாள். தாடை கழன்று தொங்கியது. மறுபடி இறக்கினாள், இடது கண் போயிற்று. மச்சான் கையைத் தூக்கினார், ஆனால் அவளை அடிக்கவில்லை. தூக்கிய கை தூக்கியபடி இருக்க, அப்படியே சாய்ந்தார்.

பிறகுதான் நான் ஆயுசுக்கும் மறக்கமுடியாததைப் பார்த்தேன். ஜனங்கள் அவரைத் தாண்டிப்போய் அந்த அரிசியை அள்ளினார்கள். பினாயில் சொட்டச் சொட்ட, துண்டிலும் முந்தானையிலும் தலைப்பாகையிலும் அள்ளினார்கள். போலீஸ் வந்து தடியால் மண்டைகளைப் பிளந்தபோதும் முடிச்சை விடாமல் ஓடினார்கள். எங்கள் வார்டு முழுக்க அன்று பினாயில் வாடை.

ஆஸ்பத்திரியில் மச்சானைக் கட்டிலோடு விலங்கு போட்டு வைத்தார்கள்; எங்களைக் கிட்டேயே விடவில்லை. சர்க்கார் தானியத்தை அழித்த வழக்கு. கோர்ட்டில் சப்ளை ஆபீஸ், அரிசி நல்ல அரிசிதான் என்றது. அது நல்லதா கெட்டதா என்று சொல்லத் தங்களுக்கு அதிகாரமில்லை என்றது முனிசிபாலிட்டி. மச்சானுக்கு ஒரு வருஷம் தண்டனை, வேலையும் போயிற்று. வெள்ளைத்துரை எழுதிக் கொடுத்திருந்த மனுவுக்கு, மச்சான் உள்ளே போன பிறகுதான் மேலிடத்துப் பதில் வந்ததாம்: உள்ளூர்ச் சுகாதார அதிகாரிகளே தக்க நடவடிக்கை எடுத்துக்கொள்ளலாம் என்று. இதைச் சொல்லும்போது வெள்ளைத்துரை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கு அவரை அடிக்கத் தோன்றியது.

விடுதலையாகி வந்த மச்சான் ஒற்றைக் கண்ணோடு காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்கினார், இன்றைக்கும் தூக்குகிறார். ஆனால் அவரைப் பற்றிச் சொல்ல எனக்குள்ளது ஜெயிலில் அவரைப் பார்க்க அக்காவோடு முதல்முறை போன அந்த நாள்தான்.

தாடையைச் சுற்றிக் கட்டு. பேச்சு குழறியது. கம்பியைப் பிடித்துக்கொண்டு, “பாப்பா?” என்றார்.

“எந்திரிச்சுட்டா. நேத்து தெருவுல போயி வெளையாடுனா” என்றாள் அக்கா.

அவருடைய மிச்சக் கண் நிறைந்தது. “என்ன குடுத்த?”

“கஞ்சி.”

“அரிசி ஏது?”

அக்கா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

“நீங்க ஊத்துன அரிசிதான்” என்றாள். “ஆத்து ஊத்துக்குக் கொண்டுபோயி பத்துத் தண்ணி விட்டு அலசுனேன். காயப்போட்டு மறுக்கா அலசுனேன். வேற என்ன செய்யச் சொல்றீங்க, ஒத்த மணி இல்ல வீட்டுல.”

“வாசம் போச்சா?”

“போகல. உப்பு கூடப் போட்டுக் குடுத்தேன். பசியில பிள்ளை ஒண்ணும் சொல்லாமக் குடிச்சிருச்சு.”

மச்சான் விடவில்லை. “நீ அன்னைக்கு டிப்போவுக்கே வரலையே. மாப்ள அடிபட்டுக் கெடந்தான். அரிசி யாரு குடுத்தா?”

“ஒச்சாயி. ஓடிவந்து வாசல்ல நின்னா, கையெல்லாம் ரத்தம். மடியில இருந்ததுல பாதியை என் மொறத்துல கொட்டுனா. ஒம் பிள்ளையும் படுத்துக் கெடக்காமே, வச்சுக் குடு தாயின்னா, போயிட்டா.”

அவர் கை எழுந்தது. எத்தனையோ பேர் பல்லை உதிர்த்த கை. எதிரே கம்பிக்கு அப்பால் அக்காவும் நானும்தான் நின்றோம். சத்தியம் பண்ணிய தன் வாயிலேயே அறைந்துகொண்டார். கட்டியிருந்த தாடையின் மேலேயே திரும்பத் திரும்ப அறைந்துகொண்டார். கட்டு நனைந்து ரத்தம் சட்டையில் இறங்கியது. வார்டர் ஓடிவந்து கையை முறுக்கிப் பிடித்தும் அடங்கவில்லை.

“பிள்ளை பொழச்சிருச்சுங்க. பொழச்சிருச்சுங்க” என்று அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டே இருந்தாள்.