வகுப்பே கை காட்டிய வேஷம்

ஸ்கூல் விட்டு, பெஹாலாவுல இருக்கிற எங்க வீட்டுக்குப் போற பஸ்ல ஏறினதுமே பொண்ணுக்கு ஒரே குஷி.

“அம்மா, படிக்கிறோமே அந்த அமெரிக்க நாவல், அதை நாடகமா போடறோம். எனக்குப் பெரிய ரோல்!”

செய்யாத குத்தத்துக்கு தண்டனை வாங்குற கறுப்பின மனுஷர் வேஷமாம்.

“உனக்கு எப்படிக் கிடைச்சுது?”

“யாருக்குக் குடுக்கலாம்னு மிஸ் கேட்டாங்க. மொத்த கிளாஸும் என்னைத்தான் கை காட்டிச்சு. மேக்கப்பே வேண்டாமாம்!”

அந்த கிளாஸ்ல இதுவரைக்கும் இவளை யாரும் எதுக்கும் கூப்பிட்டதில்லை. முகமெல்லாம் சிரிப்பு.

“சரி, அந்த நாவல் என்னதான் சொல்லுது?”

“நிறத்தை வச்சு யாரையும் எடை போடக்கூடாதுன்னு. பரீட்சைக்கு முக்கியமான கேள்விம்மா.”

மிஸ்கிட்ட நாளைக்கே சண்டைக்குப் போயிடுவேன். எதுக்குப் போறேன்னு இவகிட்ட யார் சொல்றது? தைரியசாலிங்க கமென்ட்டுக்கு வாங்க.