வக்கீல் கடைத் தொட்டிப் பனை

சலூன்காரருக்குத் தெருவில் வக்கீல் என்று பெயர். கோர்ட்டு வாசலை மிதித்தவர் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தவன் மழை வரும் என்றால் வராது என்பார். வராது என்றால் குடை எங்கே என்பார். தலையை அவர் கையில் கொடுத்துவிட்டு எவன் எதிர்த்துப் பேசுவான்? அப்படியே ஜெயித்து ஜெயித்துப் பழகிவிட்டார் மனுஷன்.

கடை வாசல் நடைபாதையில் நின்ற தொட்டிப் பனைதான் அவருக்குப் பெரிய பெருமை. அழகுக்கு வளர்க்கிற குட்டி ரகம். கடை திறந்த அன்று மனைவி முழங்கால் உயரத்தில் வாங்கி வந்தது, இப்போது பெயர்ப்பலகையையே மறைத்துக்கொண்டு நின்றது. "பலகை எதுக்கு? பனை நிக்கிற கடைன்னா பச்சைப்பிள்ளைகூட வழி சொல்லும்" என்பார். தொட்டியை மாற்றுங்கள் என்று மனைவி வருஷா வருஷம் சொல்வாள். "என் கைராசிக்கு அது தொட்டியே இல்லாம வளரும்" என்று அவள் வாயை அடைத்துவிடுவார்.

ஒருநாள் நகராட்சி வண்டி மைக்கில் கத்திக்கொண்டு போனது. நாளை மாலைக்குள் நடைபாதையில் இருக்கும் தொட்டி, பெஞ்சு எல்லாம் உள்ளே போக வேண்டும், இல்லையென்றால் லாரியில் அள்ளிக்கொண்டு போய்விடுவார்களாம். வக்கீல் அசரவில்லை. கடைக்குள் மூலையில் இடம் ஒதுக்கினார். பெரிய தொட்டியும் புது மண்ணும் வாங்கி வந்தார். மறுநாள் காலை கடையை அடைத்துவிட்டு, குனிந்து பழைய தொட்டியைக் கட்டிப் பிடித்துத் தூக்கினார். அது அசைந்தால்தானே.

சாய்த்துப் பார்த்தார், உருட்டிப் பார்த்தார், திட்டியும் பார்த்தார். பக்கத்துச் சைக்கிள் கடைக்காரர் கடப்பாரையோடு வந்து நெம்பியதும் ஒரு பக்கம் இரண்டு விரல் எழும்பியது. வக்கீல் தரையில் கன்னத்தை வைத்து எட்டிப் பார்த்தார். தண்ணீர் வடிகிற ஓட்டை வழியாகக் கயிறு கயிறாக வேர் இறங்கி, நடைபாதைக் கல் இடுக்கில் புகுந்து சாக்கடைப் பக்கமாக மண்ணுக்குள் போயிருந்தது.

"அண்ணே, இது எப்பவோ தொட்டியை விட்டுப் போயிருச்சு," என்றார் சைக்கிள் கடைக்காரர். "உங்க கைராசி கீழ சாக்கடை ஓரமா இருக்கு."

வக்கீலுக்குச் சுருக்கென்றது. தினமும் ஒரு குவளை தண்ணீரை ஊற்றிவிட்டு ஊருக்கெல்லாம் பீற்றிக்கொண்டோமே என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ரம்பத்தை எடுத்தார்.

மனைவி ஓடி வந்தாள். "அவசரப்படாதீங்க. ஆபீசர் வரட்டும், ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்."

"என்னன்னு கேக்குறது? என் தொட்டியை என்னாலயே தூக்க முடியலைன்னா? தெருவே சிரிக்கும்."

"சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும். இத்தனை வேரை வெட்டினா பிழைக்காதுங்க."

"எனக்குத் தெரியாதா? நீ உள்ள போ."

தெரியும். அதுதான் வயிற்றெரிச்சல். விட்டால் லாரியில் போய்விடும், வெட்டினால் ஒருவேளை பிழைக்கும் என்று தனக்குத்தானே வாதாடி, அதிலும் ஜெயித்து, அறுக்க ஆரம்பித்தார். வேர்கள் பச்சையாக, ஈரமாக இருந்தன. மத்தியானத்துக்குள் பனையைத் தூக்கிவந்து புதுத் தொட்டியில் வைத்தாகிவிட்டது.

சாயங்காலம் ஆபீசர் வந்தார். வெறும் நடைபாதையில் குனிந்து, வெட்டுப்பட்ட வேர்களைப் பார்த்தார்.

"இங்க மரமா இருந்துச்சு?"

"தொட்டிதான் சார். அடியில கொஞ்சம் வேர் விட்டிருச்சு. எடுத்துட்டேன்."

"ஏன் எடுத்தீங்க? தரையில வேர் விட்டுட்டா அது மரக் கணக்கு. மரத்தை நாங்களே தொடக்கூடாது. தொட்டியை மட்டும் உடைச்சு எடுத்துட்டுப் போயிருப்போமே."

வக்கீல் வாயைத் திறந்தார். சைக்கிள் கடைக்காரர் ஒரு டியூபை எடுத்து ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மத்தியானம் வரைக்கும் மரமாத்தாங்க இருந்துச்சு," என்றார் வக்கீல். ஆபீசர் அடுத்த கடைக்குப் போய்விட்டார்.

உள்ளே மனைவி தொட்டியின் பக்கத்தில் மண்ணும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்திருக்கும். தலையைத் தூக்காமல் மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"ஏதாவது சொல்லித் தொலையேன்," என்றார்.

"சொல்லி என்ன ஆகப்போகுது? பிடிமானம் இல்லாம ஆடுது. மண்ணை அழுத்துற வரைக்கும் வந்து பிடிச்சுக்குங்க."

வக்கீல் வந்து இரண்டு கையாலும் பனையைப் பிடித்துக்கொண்டார்.