பச்சைமடுவுக்குப் போகாத வண்டி

விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு எங்கள் ஏரித்தீவில் எதைக் காட்ட வேண்டும் என்பது ரூஃபினா போத்தோய்க்கு அத்துப்படி. கொன்செப்சியோன் மலை புகைவிடுவதை எந்த மேட்டில் நின்று பார்த்தால் முழுசாகத் தெரியும், மதேராஸ் மலையின் அருவிக்கு எந்தத் தோப்பு வழியாகப் போனால் தோட்டக்காரன் நாயை ஏவமாட்டான், எல்லாம் தெரியும். மாட்டுவண்டியில் பாய் விரித்து, மேலே ஓலைக் கூரை போட்டு, புளிப்பானக் குடுக்கை ஒன்றைத் தொங்கவிட்டு அழைத்துப் போவாள். வந்தவர்கள் முதலில் கேட்பது பச்சைமடுவைத்தான். அங்கே மட்டும் அவள் வண்டி போகாது.

"ஏன் போகாது?"

"சேறு."

"கோடையில ஏது சேறு?"

"அப்ப பாம்பு. ஏறுறீங்களா, இல்ல சேப்பே ஜீப்புல போறீங்களா?"

சேப்பே தன் ஓட்டை ஜீப்பில் சாய்ந்துகொண்டு இதையெல்லாம் கேட்டுச் சிரிப்பான். "ஏ ரூஃபினா, புருஷன் குளிக்கப் போயிட்டா திரும்பி வரமாட்டான்னு பயமா?" என்பான். ஊரே சிரிக்கும். சிரித்தவர்களில் ஒருவரும் இருட்டினபின் அந்த மடுப்பக்கம் போனதில்லை.

மடுவுக்குள் இருப்பவன் யார் என்பது இங்கே பிறந்த எல்லோருக்கும் தெரியும். பெயரைச் சொல்வதில்லை; நெட்டையன் என்போம். தண்ணீருக்கு அடியில் அவனுக்கு ஒரு பண்ணை இருக்கிறது. செல்வம் கேட்டுப் போகிறவனுக்கு ஏழு வருஷத்துக்கு அள்ளிக் கொடுப்பான். ஏழாம் வருஷம் முடிந்ததும் வாங்கினவன் அந்தப் பண்ணையில் மாடு. அந்த மாடுகளை நெட்டையன் அவ்வப்போது சந்தைக்கும் ஓட்டிவிடுவான். அதனால்தான் எங்கள் கசாப்புக்காரர்கள் முகம் தெரியாதவனிடம் வாங்கிய மாட்டை அறுக்குமுன் வாயைத் திறந்து பார்க்கிறார்கள்.

ரூஃபினாவின் கணவன் சத்துர்னினோ உழைப்பு என்ற சொல்லைக் கேட்டாலே கொட்டாவி விடுகிறவன். ஒருநாள் மடுப்பக்கம் போய் வந்தான். மறுவாரமே காலில் புது பூட்ஸ், கையில் அக்கார்டியன், மேல்வரிசை முன்பல் ஒன்று பளபளவென்று தங்கத்தில். ஏழு வருஷச் செல்வத்தை ஒரே வருஷத்தில் குடித்தும் சூதாடியும் தீர்த்தான். கணக்கு தீர்ந்ததும் காலமும் தீர்ந்தது. ஒரு மத்தியானம் அவன் படுத்திருந்த தூளி காலியாகத் தொங்கியது. தூளி நனைந்திருந்தது. அடியில் ஏரிப்பாசி. ரூஃபினா அப்போது மூன்று மாதக் கர்ப்பிணி.

அடுத்த மாதம் அவள் வேலிக்குள் ஒரு செவலைக் காளை நின்றது. கொம்பில் பாசி, உடம்பெல்லாம் ஈரம், ஓடிவந்த மூச்சு. மாட்டுக்கு மேல்வரிசையில் முன்பல் கிடையாது என்பதைச் சின்னப் பிள்ளையும் சொல்லும். இதற்கு ஒன்று இருந்தது. தங்கத்தில்.

"மாடாப் போயும் ஒரு இடத்துல நிலைச்சு வேலை பார்க்கத் தெரியல உனக்கு," என்றாள் ரூஃபினா. காளை தலையைத் தொங்கப் போட்டது. பிறகு அவள் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு நெடுநேரம் அழுதாள்.

பழைய காளை லுசேரோவோடு அதையும் நுகத்தில் பூட்டினாள். மனுஷனாக இருந்தபோது செய்யாததையெல்லாம் அது செய்தது. அவளுக்கு ஒரே ஒரு பயம். நெட்டையன் அடுத்தவர் வேலிக்குள் வந்து பிடிக்க மாட்டான். அது அவன் குலத்து முறை. தப்பி வந்த மாடு தன் காலால் மடுவின் நீர்விளிம்பை மிதித்தால் போதும். அப்புறம் மீட்க முடியாது. அதற்குத்தான் அந்தச் சேறும் பாம்பும்.

பெண்குழந்தை பிறந்தது. கசில்தா என்று பெயர் நினைத்து வைத்திருந்தாள். பாதிரியார் எப்போதாவது படகேறி வருகிறவர். ஞானஸ்நானம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது.

ஈஸ்டருக்கு முந்தின பெரியவாரத்துச் செவ்வாய்க்கிழமை. தலைநகர் மனாகுவாவிலிருந்து விடுமுறைக் கூட்டம் படகு படகாக வந்து இறங்கிய நேரம். ஒரு நெட்டை மனிதர், வெள்ளைச் சட்டை, ஓலைத்தொப்பி, கொக்கைப் போலக் கழுத்து, நேராக அவள் வண்டியிடம் வந்தார்.

"இங்க பார்க்க வேண்டிய இடமெல்லாம் காட்டுவியாம்மா?"

"காட்டுறேன் ஐயா. பச்சைமடு மட்டும் கிடையாது."

"அதை நான் நிறையப் பார்த்திருக்கேன்," என்றார். "மத்ததைத்தான் பார்த்ததே இல்ல. எத்தனையோ காலமா இங்கதான் இருக்கேன், வெளியே சுத்த நேரமே வாய்க்கல."

ஏதோ உறுத்தியது. ஆனால் அவர் நீட்டிய நோட்டுகள் புத்தம் புதியவை. வண்டித் தூளியில் குழந்தை. மாவுப்பானை காலி. ஏற்றிக்கொண்டாள்.

இயேசு மரியா முனையில் மணல் ஏரிக்குள் நாக்குப் போல நீண்டு கிடக்கும். அதன் நுனி வரை நடந்து பார்த்துவிட்டுத் திரும்பினார். ரூஃபினா மணலைப் பார்த்தாள். நாரைகளின் தடம் இருந்தது, நண்டுகளின் தடம் இருந்தது. அவருடைய தடம் இல்லை.

ஊற்றுக்கண்ணில் உடுத்திய துணியோடு இறங்கி முழுகினார். குளித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் சட்டென்று கத்துவதை நிறுத்திவிட்டு ஒவ்வொருவராகக் கரையேறிவிட்டார்கள். மேலே வந்தபோது அவர் தொப்பி காய்ந்திருந்தது. "தண்ணி தெளிவா இருக்கு," என்றார். "என் ரசனைக்குக் கொஞ்சம் வெளிச்சம் ஜாஸ்தி." ரூஃபினா ஒரு சுரைக்குடுக்கையில் ஊற்றுநீரைப் பிடித்து வண்டியில் தொங்கவிட்டாள்.

வாழைத்தோட்டத்துக்குள் எங்கள் முன்னோர் செதுக்கிய கற்கள் கிடக்கின்றன. ஒரு கல்லில் உயரமான உருவம், சுற்றிலும் கொம்புள்ளவை. அவர் குனிந்து, பழைய போட்டோ பார்க்கிறவரைப் போல வெகுநேரம் பார்த்தார்.

"கழுத்தை ரொம்ப இழுத்துட்டான். அப்பவே சொன்னேன், கேக்கல," என்றார்.

அப்போதுதான் ரூஃபினாவுக்கு ஆள் யாரென்று புரிந்தது. பார்த்தால் சத்துர்னினோ வாயில் நுரை தள்ள நின்றது. கண் இரண்டும் வெள்ளையாகப் புரண்டிருந்தன.

திரும்பும் வழியில் மடுவுக்குப் பிரியும் பாதை வந்தது. நெட்டையன் நாக்கை மடித்து மெல்ல ஒரு சீழ்க்கை அடித்தான். செவலை திரும்பியது. லுசேரோ மறுத்து முட்டியது. அதையும் இழுத்துக்கொண்டு திரும்பியது. ரூஃபினா கயிற்றை உள்ளங்கை கிழிய இழுத்தாள். தார்க்குச்சி ஒடிந்தது.

"ஐயா, பேசினபடி இல்லையே இது!"

"நான் எங்கம்மா கூட்டிட்டுப் போகச் சொன்னேன்? மாடுதானே போகுது. அது வந்த வீட்டுக்கு வழி அதுக்குத் தெரியும்."

மரங்கள் நெருங்கின. காற்று நின்றது. தண்ணீருக்கு அடியிலிருந்து சேவல் கூவுவது கேட்டது, யாரோ பாத்திரம் கழுவும் சத்தமும். கரையில் மாடுகள் நின்றன, மேயாமல், வாலாட்டாமல், வண்டியையே பார்த்தபடி. ஒன்றின் காதில் பவளக் கம்மல். இன்னொன்று மூக்குத்தண்டில் கண்ணாடி அழுத்திய பள்ளத்தோடு, பள்ளிக்கூடத்தில் வாத்தியாராகப் பிள்ளைகளை முறைத்த அதே முறைப்பு முறைத்தது.

நீர்விளிம்புக்கு ஒரு வண்டி நீளம்தான் இருந்தது. ரூஃபினா தூளியிலிருந்து குழந்தையை எடுத்தாள். "ஐயையோ, பிள்ளைக்கு மூச்சு நிக்குதே! கொஞ்சம் பிடிங்க!" என்று நெட்டையன் மடியில் போட்டாள்.

யார் கையில் குழந்தையைப் போட்டாலும் கை தானாகப் பிடித்துக்கொள்ளும். அவனும் பிடித்துக்கொண்டான். ரூஃபினா ஊற்றுநீரைக் குழந்தையின் தலையில் ஊற்றினாள். "கசில்தா, பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பேராலே உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்!" ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். உயிர் போகிற அவசரத்தில் யார் ஊற்றினாலும் அது செல்லும். அப்போது யார் ஏந்தியிருக்கிறானோ அவனே ஞானத்தகப்பன். மூச்சு நின்றதாகச் சொன்ன குழந்தை நன்றாகக் கொட்டாவி விட்டது என்பது வேறு விஷயம்.

நெட்டையன் குழந்தையைப் பார்த்தான். குழந்தை அவனைப் பார்த்தது.

"கொம்பாத்ரே," என்றாள் ரூஃபினா, முந்தானை இல்லாத குறைக்குப் பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு. "இவளோட அப்பனை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். முன்னாடி இழுத்துக்கிட்டுப் போறானே, அவன்தான்."

பெற்றவர்களுக்கும் ஞானத்தகப்பனுக்கும் இடையிலான உறவுக்கு எங்கள் ஊரில் அந்தப் பெயர்தான். உடன்பிறப்பை ஏமாற்றியவன்கூடத் தப்பிப்பான். கொம்பாத்ரேக்குத் துரோகம் செய்தவனுக்கு ஏரி மீன்கூடத் தராது. நெட்டையன் கெட்டவனாக இருக்கலாம். ஆனால் இந்த மண்ணுக்காரன், முறை தெரிந்தவன்.

அவன் மறுபடி சீழ்க்கை அடித்தான், இந்த முறை நிறுத்தச் சொல்லி. செவலை முன்காலைத் தண்ணீருக்கு மேலே தூக்கியபடி நின்றது. பிறகு பின்னால் வைத்தது.

"கெட்டிக்காரி," என்றான். முகத்தில் சிரிப்பு இல்லை. "என் கொம்பாத்ரேயை நான் தொழுவத்துல கட்ட முடியாது. ஆனா அவன் வித்ததைத் திருப்பித் தரவும் என்னால ஆகாது. மாடாத்தான் இருப்பான்."

"இருக்கட்டும். பழகிட்டேன்."

குழந்தையின் நெற்றியில் ஒரு விரலை வைத்துவிட்டுக் கொடுத்தான். கொளுத்தின வெயிலிலும் அந்த இடம் ஒரு வாரம் சில்லென்று இருந்தது. வண்டியை விட்டு இறங்கி, தொப்பியைக் கழற்றாமலே, நடந்து தண்ணீருக்குள் போனான். ஒரு வளையம்கூட எழவில்லை.

சத்துர்னினோ பல வருஷம் வண்டி இழுத்து, கிழடாகி, தன் வீட்டு மாமர நிழலில் செத்தது. மாட்டுக்குச் சிலுவை நடக்கூடாது என்றார் பாதிரியார். ரூஃபினா நட்டாள். அடக்கத்துக்கு நெட்டையனும் வந்தான். கொம்பாத்ரே வராமல் இருப்பாரா? ஈரக் கையால் ஒரு பிடி மண் போட்டுவிட்டு, எல்லோரோடும் உட்கார்ந்து ரொட்டியைக் காப்பியில் தோய்த்துத் தின்றான். அன்று முழுக்கச் சேப்பே ஜீப்பை விட்டு இறங்கவில்லை.

போகும்போது நெட்டையன் கேட்டான்: "உடம்பெல்லாம் நல்லா இருக்கா?"

"நல்லா இருக்கு கொம்பாத்ரே."

"இருமல் கேட்டுச்சே."

"மலைச் சாம்பல்."

"அதுக்கில்ல. நாளைக்கே உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா பிள்ளை தெருவுல நிக்கக் கூடாது பாருங்க. தாயில்லாத பிள்ளையை வளர்க்கிறது ஞானத்தகப்பன் பொறுப்பு. என் வீட்டுல இடம் நிறைய இருக்கு."

வாசலில் விளையாடிக்கொண்டிருந்த கசில்தாவை ரூஃபினா கூப்பிட்டுப் பாவாடைக்குள் அணைத்துக்கொண்டாள். சாகக் கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தாள். அதற்கப்புறம் படகேறவில்லை, ஏணி ஏறவில்லை, தும்மலுக்கும் கஷாயம் வைத்துக் குடித்தாள்.

இப்போது கசில்தாவுக்கே பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அவளோடு பள்ளிக்கூடம் போனவர்களில் பாதிப்பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஞானத்தகப்பனுக்கு ஞானப்பிள்ளை என்றைக்கும் பிள்ளைதானே! நம்பாதவர்கள் காலையில் அந்த வீட்டுப் பக்கம் போய்ப் பாருங்கள். வேலிக்கு வெளியே மண் ஒரு ஆள் நிற்கும் அளவுக்கு ஈரமாக இருக்கும். ரூஃபினா கதவைத் திறந்துகொண்டு வருவாள். தோல் காய்ந்த புகையிலை மாதிரி சுருங்கிவிட்டது, கண்ணும் மங்கல். "இன்னைக்கும் நல்லாத்தான் இருக்கேன், கொம்பாத்ரே, போயிட்டு வாங்க!" என்று அந்த ஈரத்தைப் பார்த்துக் குரல் கொடுத்துவிட்டு, கோழிகளுக்குச் சோளம் இறைக்கப் போய்விடுவாள்.