கல்லை எறிந்தது என் மகன்

பிள்ளைகளே, நம் சபைப் பத்திரிகைக்குச் சாட்சி எழுதுகிறவர்கள் தங்களுக்கு வந்த வியாதியையோ ஆபத்தையோ எழுதுவார்கள். நான் எழுதப்போவது, என் வீட்டிலிருந்து புறப்பட்டு இன்னொரு வீட்டுக்குப் போன ஆபத்தைப் பற்றி. என் மகன் எறிந்த ஜல்லிக்கல் இன்னொரு பிள்ளையின் கண்ணில் பட்டது.

நான் எட்டாவது வரைதான் படித்தவன். பேட்டையில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் மகன் சாம் இதைப் படித்துப் பார்த்து, "அனுப்புங்கப்பா" என்று சொன்ன பிறகுதான் அனுப்புகிறேன். அடிபட்ட பையனின் பெயரை எழுத மாட்டேன். கேஸ் நடக்கிறது, அதைப் பற்றியும் எழுதக்கூடாது.

போன வருசம் ஜூலை மாசம், ஒரு செவ்வாய்க்கிழமை. சாம் அப்போது ஒன்பதாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டு வண்ணார்பேட்டை பஸ் ஸ்டாப்பில் பையன்களுக்குள் சண்டை. டவுன் பஸ்ஸில் யார் எந்த சீட்டில் உட்காருவது என்று ஆரம்பித்ததாம். ஆனால் அது சீட்டுக்கு வந்த சண்டை இல்லை. கயிற்றுக்கு வந்த சண்டை.

எந்தக் கயிறு என்று உங்களில் பலருக்குத் தெரியும். இன்ன சாதி என்று காட்டுவதற்குக் கையில் கட்டுகிற கலர் கயிறு. பள்ளிக்கூடத்தைக் குறை சொல்ல மாட்டேன். கேட்டிலேயே நிறுத்தி, கயிற்றை அறுத்துவிட்டுத்தான் உள்ளே விட்டார்கள். பிள்ளைகள் அதைக் கணுக்காலில் கட்டி, மேலே சாக்ஸ் போட்டுக்கொண்டு போனார்கள். சாமும் அப்படித்தான் போனான். எனக்கு அது தெரியும். நம்ம கூட்டத்துப் பையன் என்று தெரிந்தால் ஒருத்தனும் இவன்மேல் கை வைக்க மாட்டான் என்று நினைத்து, பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போய்விட்டு வந்து, திங்கட்கிழமை அப்படி நினைத்தேன்.

வாத்தியார் போன் பண்ணினார். "உங்க பையனுக்கு ஒண்ணுமில்ல. ஆனா உடனே வாங்க" என்றார். முதல் பாதியைக் கேட்டதும் ஸ்தோத்திரம் சொன்னேன்.

பள்ளிக்கூடத்துக்குப் போய் விஷயம் தெரிந்துகொண்டு நேரே கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே அந்தப் பையனின் அம்மா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். மகனுடைய யூனிபார்ம் சட்டை மடியில் இருந்தது. காலர் முழுக்க ரத்தம். "நீங்க யாரு?" என்று கேட்டார்கள். "பள்ளிக்கூடத்துல இருந்து வாரேன்" என்றேன். கல்லை எறிந்தவனின் தகப்பன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கண் போய்விடலாம், மூன்று நாள் கழித்துத்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டர். அந்த மூன்று நாளும் நான் சாப்பிடவில்லை. பட்டறைத் தரையில் முழங்கால் போட்டு, "ஆண்டவரே, அந்தக் கண்ணு போகக்கூடாது" என்று ஒரே ஜெபம். உங்களிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். கண் போனால் கேஸ் பெரிசாகிவிடும் என்ற பயத்தில்தான் அப்படி ஜெபித்தேன். அந்தப் பிள்ளைக்காக இல்லை.

ஆனாலும் கர்த்தர் கேட்டார். முழுப் பார்வை இல்லை, மங்கலாகத்தான் தெரியும், ஆனால் கண் இருட்டாகாது என்று நான்காம் நாள் சொன்னார்கள். நான் வீட்டுக்கு ஓடினேன். சாம் தோசை தின்றுகொண்டிருந்தான்.

"ஏலே, அந்தப் பையனுக்குக் கண்ணு போகலலே!"

அவன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அப்போ சரியா படலையோ?" என்றான்.

என் மனைவி எஸ்தர் கையிலிருந்த கரண்டியை அப்படியே கீழே வைத்துவிட்டாள். நான் அவனை அடிக்கக் கை ஓங்கினேன். கை இறங்கவில்லை. என் பிள்ளையை யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டு, இன்னொருத்தனை உட்கார வைத்த மாதிரி இருந்தது.

சாமை இரண்டு வாரம் சஸ்பெண்ட் பண்ணிவிட்டு, பிறகு திரும்பச் சேர்த்துக்கொள்வதாகத் தலைமையாசிரியர் சொன்னார். நான் அனுப்பவில்லை. வேறு பள்ளிக்கூடம் பார்த்தேன். அங்கேயும் அதே பஸ், அதே கயிறு. உடம்புக்கு முடியாத பிள்ளையை வீட்டில் வைத்துப் படிக்க வைக்கிறவர்கள் உண்டு. அடி வாங்கின பிள்ளையை அப்படி வைப்பவர்களும் உண்டு. நானோ, அடித்தவனையே வீட்டில் வைத்தேன். அந்தக் கூட்டத்திலிருந்து அவனைப் பிரிக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

ஆலயத்தில் ஒருத்தர், "என்ன வே, மகனை முட்டைய அடைகாக்குத மாதிரி வச்சிருக்கீரு? எட்டாங்கிளாஸ் படிச்ச வாத்தியாருக்குச் சம்பளம் எவ்வளவு வே?" என்று எல்லாரும் கேட்கிற மாதிரி கேட்டார். சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வந்தேன்.

எஸ்தர் பன்னிரண்டாவது படித்தவள். காலையில் கணக்கும் இங்கிலீஷும் அவள் பார்த்துக்கொண்டாள். மத்தியானம் சாம் பட்டறைக்கு வருவான். சமூக அறிவியல் புத்தகத்தை நானும் அவனும் சேர்ந்து வாசிப்போம். நான் எழுத்துக்கூட்டி வாசிப்பேன், அவன் பொறுமையில்லாமல் திருத்துவான். அந்த நாட்களில் நான் தினமும் ஒன்றையே கேட்டு ஜெபித்தேன். "ஆண்டவரே, என் பிள்ளைக்கு இந்தச் சாதி வெறியைச் சொல்லிக் கொடுத்தது யாரு? அந்த ஆளை எனக்குக் காட்டும்." அவனுடைய கூட்டாளிகள் இரண்டு பேர்மேல் எனக்குச் சந்தேகம். காட்டினால் அவர்கள் வீட்டுக்குப் போய் ஒரு கை பார்த்துவிட வேண்டும் என்று இருந்தேன்.

செப்டம்பர் மாசம் தீண்டாமை ஒழிப்புப் பாடம் வந்தது. நான் வாசித்து முடித்தேன். சாம், "அப்பா, இது பரீட்சைக்கு மட்டும்தானே?" என்று கேட்டான்.

"ஏம்லே அப்படிக் கேக்க?"

"இல்ல, இசக்கி அண்ணனுக்கு நீங்க தனித் தம்ளர் வச்சிருக்கீங்கல்லா. அதான் கேட்டேன்."

அவன் என்னைக் குத்திக்காட்டவில்லை பிள்ளைகளே. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

இசக்கி என் பட்டறையில் எட்டு வருசமாக வேலை செய்கிறவர். என்னைவிட நான்கு வயது மூத்தவர். அவர் டீ குடிக்கிற தம்ளர் தனியாக ஆணியில் தொங்கும். அதை மாட்டினது நான். நான் கேட்ட ஆளை ஆண்டவர் காட்டிவிட்டார். ஒரு கை பார்க்க எந்த வீட்டுக்கும் போக வேண்டியிருக்கவில்லை.

அன்று சாயங்காலம் சாமை வைத்துக்கொண்டே இசக்கியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் கும்பிடவும் இல்லை, கட்டிப்பிடிக்கவும் இல்லை. "எட்டு வருசம் கழிச்சு இன்னைக்குத்தான் கண்ணுல பட்டுச்சாக்கும்? டீ ஆறுது அண்ணாச்சி, குடியும்" என்றார். என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். மறுநாளிலிருந்து எல்லாருக்கும் ஒரே மாதிரி தம்ளர். அதனால் எட்டு வருசம் இல்லாமல் போய்விடுமா? போகாது.

பிறகு பல மாசம் சாம் அதிகம் பேசவில்லை. நான் போதனை எதுவும் பண்ணவில்லை. அதற்கு எனக்கு வாயும் இல்லை. பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை அவனே வந்து, "அந்தப் பையன் வீட்டுக்குப் போவோமாப்பா?" என்றான். கணுக்காலைப் பார்த்தேன். கயிறு இல்லை. எப்போது அறுத்தான் என்று எனக்குத் தெரியாது.

போனோம். பையனின் அப்பா வாசலுக்கு வந்தார். "கல்லை எறிஞ்சது நான்தான்" என்றான் சாம். கூட நின்ற நானும், "நான் இவன் தகப்பன்" என்று சொன்னேன்.

அவர் வாசலை மறித்து நின்றார். "வலது பக்கம் பஸ் வந்தா எம்புள்ளைக்குத் தெரிய மாட்டேங்கு. அதப் பாத்துட்டுப் போவலாம்னு வந்தியளோ? போயிருங்க" என்றார். கதவைச் சாத்தினார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சாம் முன்சீட்டுக் கம்பியில் தலையை முட்டிக்கொண்டு அழுதான். சத்தம் போட்டு அழுதான். கண்டக்டர் பக்கத்தில் வந்து, "என்ன அண்ணாச்சி, பையனுக்கு மேலுக்கு முடியலையா?" என்று கேட்டார். "இப்பத்தான் சரியாயிட்டு வாரான்" என்றேன். என் பிள்ளை எனக்குத் திரும்பக் கிடைக்க வேண்டும் என்று ஏழு மாசமாக நான் காத்திருந்தேன். அதற்குப் பதில் அந்த அழுகைதான். பஸ்ஸிலேயே கர்த்தருக்கு நன்றி சொன்னேன்.

சாம் இப்போதும் வீட்டில்தான் படிக்கிறான். பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதப் போகிறான்.

பிள்ளைகளே, உங்களுக்குள் இருக்கிற கெட்டது எங்கேயிருந்து வந்தது என்று ஆண்டவரிடம் தைரியமாகக் கேளுங்கள். அவர் காட்டுவார். காட்டும்போது இனிப்பாக இருக்காது. ஆனாலும் நம்பிக் கேளுங்கள், கைவிட மாட்டார்.

அந்தப் பையனுக்கு அடுத்த மாசம் இன்னொரு ஆபரேஷன் இருக்கிறது. பெயர் தெரியாவிட்டால் என்ன, கர்த்தருக்குத் தெரியும். எங்களுக்காக அப்புறம் ஜெபியுங்கள். முதலில் அவனுக்காக.