குரோருட்டில் நாடி துடிக்கிற நாலு பேரும் முந்நூறு கையெழுத்தும்

மார்கழியில் ஒஸ்லோவுக்குப் போகாதே என்று ரொறன்ரோவில் எல்லோரும் தடுத்தார்கள். பனி என்னைக் கண்டு ஒதுங்கினால்தான் உண்டு. தங்கை வாசுகியின் மகள் பெரியபிள்ளையாகி, சாமத்திய வீட்டுச் சடங்கு. தாய்மாமன் நான் போகாமல் சபை கூடுமா?

விமான நிலையத்திலிருந்து ஒஸ்லோ மத்திய நிலையத்துக்கு ரயிலில் இருபத்தைந்து நிமிடம். அங்கிருந்து ஐந்தாம் இலக்கச் சுரங்க ரயிலில் இருபது நிமிடத்தில் குரோருட். சீட்டு நாற்பது குரோனருக்குக் கொஞ்சம் மேலே. பின்னேரம் மூன்றரைக்கே இருட்டு. பெட்டி நிறைய ஆட்கள், ஒரு சத்தமில்லை. நான் தும்மியதற்கு அடுத்த பெட்டியே திரும்பிப் பார்த்தது.

வாசுகி முதியோர் இல்லத்தில் உதவியாளர். வேலை முடிந்து, பக்கத்துக் கல்லூரிக் கிளையில் தாதிப் படிப்பு. முடிக்க இன்னும் ஒரு வருடம். கட்டடம் நகரசபைக்குச் சொந்தம். அதை விற்கப் போகிறார்களாம். விற்றால் கிளையும் இல்லை, மாலை வகுப்பும் இல்லை. ஆனால் அந்த ஊரில் ஒரு வழி இருக்கிறது: ஒஸ்லோவில் வசிக்கிற முந்நூறு பேர் கையெழுத்து வைத்தால், சபை அந்தக் கோரிக்கையை எடுத்துப் பேசியே ஆகவேண்டும். வாக்குரிமைகூடத் தேவையில்லை.

"முந்நூறோ? ஒரு பின்னேரத்தில மூவாயிரம் எடுப்பன்!" என்றேன்.

சாமத்திய வீட்டு மண்டபத்தில், கையெழுத்து வைக்காதவருக்கு வடை இல்லை என்று வாசலில் நின்றுவிட்டேன். தாள்கள் நிரம்பி வழிந்தன. வீட்டுக்கு வந்து அவற்றைப் பார்த்த வாசுகி அப்படியே கதிரையில் இருந்துவிட்டாள்.

"அண்ணை, இதில அரைவாசிப் பேர் லண்டனும் பாரிஸும். இஞ்சை இருக்கிற ஆக்கள்தான் வைக்கலாம்."

"கையெழுத்து கையெழுத்துத்தானே?"

"நீங்களும் வைச்சிருக்கிறியள்!"

"முதல் ஆளா!"

அவள் சிரிக்கவில்லை. நாளைக்குள் கொடுக்காவிட்டால் விற்பனை முடிவாகிவிடும்.

மறுநாள் பின்னேரம் மிச்சக் கையெழுத்துக்கு அந்தக் கல்லூரிக்குப் போனோம். அவள் மேல்மாடி வகுப்புகளுக்கு, நான் கீழே. ஆள் அசைந்தால் மட்டும் எரிகிற விளக்குகள்; நடக்க நடக்க முன்னால் எரிந்தது, பின்னால் அணைந்தது. கடைசி அறையில் நாலு கட்டில், நாலு பேர், கண் திறந்தபடி.

முதல் நாள் பட்டுப் படித்த பாடம் மறக்கவில்லை. முதல் கட்டில்காரரிடம், "ஐயா, ஒஸ்லோவிலயோ இருக்கிறியள்?" என்று கேட்டேன். அவர் இமைத்தார். நெஞ்சு ஏறி இறங்கியது. பேனாவைக் கொடுக்கக் கையைப் பிடித்தேன். ஐஸ் மாதிரிக் குளிர், ஆனால் நாடி துடித்தது. அந்த நேரம் பார்த்து, அசையாமல் நின்ற என் தலைக்கு மேல் அறை விளக்கும் அணைந்தது. இருட்டில் நாலு பேரும் ஒரே தாளத்தில் மூச்சு விட்டார்கள்.

நான் போட்ட சத்தம் நகரத்தின் மறுகோடி மோர்டென்ஸ்ருட் வரைக்கும் கேட்டதாம்.

"அண்ணை, அது ரப்பர் பொம்மை!" வாசுகி ஓடிவந்தாள். "நாங்கள் நாடி பாக்கப் பழகுறது இதிலதான்."

"துடிக்குதடி!"

"நிப்பாட்டுற வரைக்கும் துடிக்கும்."

எதிர்க் குடியிருப்புச் சனம் முழுக்கப் படியிறங்கி வந்துவிட்டது. வாசுகி விடுவாளா? வந்தவர்களிடமெல்லாம் பேனாவை நீட்டினாள். மண்டபத்து ஒஸ்லோக்காரரோடு சேர்த்து முந்நூறு தாண்டிவிட்டது. கொண்டாட்டத்தால் ஆகாததை என் தொண்டை செய்தது.

நான் திரும்பிய பிறகு வாசுகி தொலைபேசியில் சொன்னாள். சபை பேசியிருக்கிறது: இப்போது படிப்பவர்கள் முடிக்கும் வரை விற்பனை இல்லை; புதிதாக யாரையும் சேர்க்கவும் மாட்டார்கள்.

"நான் தாதி ஆகிடுவன் அண்ணை. ஆனா கடைசி வகுப்பு நாங்கள்தான். கடைசி நாள் அந்த நாலு பேரையும் நிப்பாட்டுறது என்ர முறை."

போகிறவர்களுக்கு: தடித்த காலுறை இரண்டு சோடி கொண்டு போங்கள். யாராவது தாள் நீட்டினால், அங்கே வசிப்பவர்தானா நீங்கள் என்று முதலில் யோசியுங்கள். எனக்குப் பயம் என்பதே கிடையாது. ஆனாலும் இங்கே வீட்டு விளக்கு அணைந்தால், என் விரல் தானாகவே என் மணிக்கட்டைத் தேடிப் போகிறது.