பீரங்கிக்குச் சோறூட்டியவர்கள்

ஜெர்மனியில் நாங்கள் குடியிருக்கிற ஊரின் அருங்காட்சியகத்தில் எனக்கென்று ஒரு நாற்காலி இருந்தது. அதில் உட்காரக் கூடாது என்பது ஒழுங்கு. படங்களைத் தொட வருகிறவர்களை நின்றபடி முறைப்பதுதான் வேலை. அமெரிக்காவில் வங்கிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்த அந்த இலையுதிர்காலத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பத்திரிகைக் கேலிச்சித்திரங்களைக் கொண்டுவந்து மாட்டினார்கள். எல்லாம் போர்க்கடனையும் அரச கஜானாவையும் பற்றியவை.

ஒன்றில் நிதியமைச்சர் சமையல்காரிபோல இடுப்பில் துணி கட்டிக்கொண்டு, பீரங்கியின் வாயில் கரண்டி கரண்டியாகக் காசு ஊட்டுகிறார். பக்கத்து மேசையில் பிள்ளைகள் வெறும் தட்டோடு காத்திருக்கிறார்கள். இன்னொன்றில் ஒரு குடியானவன். அவன் தோளில் தளபதி, தளபதியின் தோளில் வங்கிக்காரன், அவன் கையில் வெற்றிக்கொடி. அடியில் முழங்கால் மடங்கி நிற்கிற குடியானவன், அந்தக் கொடிக்குச் சல்யூட் அடிக்கிறான்.

கண்காட்சிக்குக் காசு கொடுத்தது நகரத்து வங்கி ஒன்று. திறப்பு விழாவில் அதன் கடன் பிரிவு அதிகாரி வைன் கிண்ணத்தோடு பேசினார்.

"நம் முன்னோருக்குப் பணத்தைப் பற்றிய அறிவு போதவில்லை. இன்று நாம் அதைப் பார்த்துச் சிரிக்கலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். சில கிழமைகளில் அந்த வங்கியையே அரசாங்கம் தாங்கிப் பிடிக்க வேண்டி வந்தது. உடனே அதிகாரி, அருங்காட்சியகத்தை நடத்துகிற எங்கள் பணிப்பாளருக்குத் தொலைபேசி எடுத்தார். குடியானவன் படம் இந்த நேரத்தில் தவறான அபிப்பிராயத்தைத் தருமாம். பணிப்பாளர் கொள்கைக்காரர், கழற்ற மாட்டேன் என்றுவிட்டார். ஆனால் இடம் மாற்றினார், கழிவறைக்குப் போகிற நடைவழிக்கு. அதன்பிறகு அந்தப் படத்தைப் பார்க்காமல் வீடு போனவர் எவருமில்லை. வரிசையில் நின்ற பெண்கள் அதை மனப்பாடமே செய்தார்கள்.

இலங்கையில் அப்போது போர் உச்சத்தில் இருந்தது. அதற்கு இயக்கத்தின் சார்பில் காசு சேர்க்கிற ஒருவர் எங்கள் வீட்டுக்கு வருவார். எங்களைவிட இளையவர். நல்ல சப்பாத்து, நல்ல கதை. மாதாமாதம் கொடுத்துத்தான் வந்தோம். இந்த முறை அவர் கேட்டது வேறு. என் கணவர் தன் பெயரில் வங்கிக் கடன் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

"கையெழுத்து மட்டும்தான் உங்கட, அண்ணை. மாசாமாசம் கட்டுறது நாங்கள். இது கடைசிக் கட்டம்."

"போன வருசமும் கடைசிக் கட்டம் எண்டுதானே சொன்னனீங்கள்?" என்று கேட்டேன்.

"அது முதலாவது கடைசிக் கட்டம், அக்கா," என்றார், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

கணவர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். நான் குறுக்கே நிற்கிறேன் என்று காசு சேர்ப்பவருக்குத் தெரியும். ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைத் தேடி அருங்காட்சியகத்துக்கே வந்துவிட்டார். கழிவறைப் பக்கம் போனவர் படத்தின் முன்னால் நின்று, என்னைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டார். சொன்னேன். நடைவழி அதிரச் சிரித்தார்.

"இந்த விசரனைப் பாருங்கோ, அக்கா! ரெண்டு பேரைச் சுமந்துகொண்டு சல்யூட் வேற அடிக்கிறான்."

"ஓம் தம்பி. அவனுக்கும் ஆரோ கையெழுத்து மட்டும் போதும் எண்டு சொல்லியிருப்பினம்."

சிரிப்பு நின்றது. "அங்க சனம் சாகுது. நீங்கள் இஞ்ச நிண்டு பகிடி விடுறியள்," என்றார்.

சனம் செத்துக்கொண்டுதான் இருந்தது. என் தங்கையின் குடும்பம் போர் நடந்த வன்னிக்குள் அகப்பட்டிருந்தது. அந்தச் சாவைச் சொல்லித்தான் அவர் வீட்டுக்கு வீடு கதவைத் திறக்கவைத்தார் என்பதும் எனக்குத் தெரியும்.

கணவர் கையெழுத்துப் போட்டார். தொழிற்சாலையில் நிரந்தர வேலை என்பதால் என் ஒப்பம் வங்கிக்குத் தேவைப்படவில்லை. கடனுக்குக் காரணம், சமையலறையைப் புதுப்பித்தல் என்று எழுதிக் கொடுத்தாராம். எங்கள் சமையலறையில் ஒரு கரண்டிகூடப் புதிதாக வரவில்லை.

"உமக்கு விளங்காது," என்றார் என்னிடம்.

"எனக்கு விளங்குது. அதுதான் கரைச்சல்."

அடுத்த மே மாதம் போர் முடிந்தது. தங்கை, தப்பி வந்த சனத்தைக் கம்பிவேலிக்குள் அடைத்து வைத்திருந்த முகாமிலிருந்து பேசினாள். அவளும் பிள்ளைகளும் உயிரோடு இருந்தார்கள், அவள் புருசன் இல்லை. பல நாட்கள் நாங்கள் கடனை நினைக்கவேயில்லை. நினைத்து அழைத்தபோது, காசு சேர்த்தவரின் இலக்கம் பாவனையில் இல்லை என்று ஒரு ஜெர்மன் பெண்குரல் பணிவாகச் சொன்னது. அவர்கள் கட்டிவந்த தவணையும் நின்றது. வங்கி நாளும் நேரமும் குறித்து எங்களுக்கு டெர்மின் போட்டுக் கூப்பிட்டது.

மேசைக்குப் பின்னால் வைன் கிண்ணத்தோடு பேசிய அதே அதிகாரி இருந்தார். என்னைக் கண்டதும், "அருங்காட்சியகத்தில் இருப்பவர் அல்லவா!" என்று மகிழ்ந்தார். பிறகு முகத்தை மாற்றிக்கொண்டார். "கடன் வாங்கினால் கட்டத்தான் வேண்டும். பொறுப்பு என்று ஒன்று இருக்கிறது."

"உங்கள் வங்கியின் கடனை யார் கட்டுகிறார்கள்?" என்று கேட்டேன். என் ஜெர்மனில் இலக்கணம் பிழைத்திருக்கலாம், கேள்வி பிழைக்கவில்லை.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது வேறு. வங்கி விழுந்தால் நாடே விழும்."

"நாங்கள் விழுந்தால் நாங்கள் மட்டும்தான் விழுவோம். அதனால் நாங்களே கட்டுகிறோம்."

கணவர் மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார். அதிகாரி தவணையைக் குறைத்து, வருடங்களைக் கூட்டித் தந்தார். வழியனுப்பும்போது, புதிய சமையலறை எப்படியிருக்கிறது என்று விசாரித்தார்.

"மிகவும் அழகாக இருக்கிறது," என்றார் கணவர்.

வெளியே வந்ததும் எதிரே இருந்த பேக்கரிக்குள் போனோம். கணவர் கோப்பியைத் தொடவில்லை.

"ஏமாத்திப்போட்டாங்கள்," என்றார். பிறகு, "ஆனா திருப்பி அந்த நாள் வந்தாலும் கையெழுத்துப் போடுவன். அங்க உம்மட தங்கச்சி இருந்தவ," என்றார்.

அவரைத் திட்டுவதற்கென்று பல மாதங்களாகச் சொற்கள் சேர்த்து வைத்திருந்தேன். கோப்பியை அவர் பக்கம் தள்ளி வைத்தேன்.

"குடியுங்கோ, ஆறப்போகுது."

குடித்தார். பிறகு, தங்கையை முகாமிலிருந்து வெளியே எடுக்க யாரைப் பிடிக்கலாம் என்று இரண்டு பேருமாக யோசிக்கத் தொடங்கினோம்.