கரியாலூர் மேட்டில் ஓடியது

அந்த ஓட்டத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ராணுவ அதிகாரிப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கப் போகிறேன் என்றதும் அப்பா சிரித்தார். தினமும் விடியலில் கள்ளக்குறிச்சி மைதானத்தில் நான் ஓடுவது அவருக்குத் தெரியும். இருந்தும், "உன் ஒடம்பு அதெல்லாம் தாங்காதும்மா" என்றார். அத்தை மகன் ஏற்கெனவே அகாடமியில் சேர்ந்து பயிற்சியில் இருந்தான். எனக்கு முறைப்பையன் வேறு. அவன் லீவில் வந்தபோது அப்பா ஒரு நிபந்தனை போட்டார்.

"மலையில அவன்கூட ஓடு. அவனுக்குச் சரியா ஓடிட்டீன்னா நீ போ. நான் குறுக்க நிக்க மாட்டேன்."

எல்லோரும் காரில் கிளம்பினோம். மலைமேல் இருக்கும் கரியாலூருக்குக் கீழே மேடு தொடங்கும் இடத்தில் நானும் அவனும் இறங்கினோம். ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தபோது அம்மா என் காதருகே குனிந்தாள்.

"அவன முந்திக்கினு போவாத. பின்னாலயே ஓடு. நாளைக்கு அந்த வூட்டுக்குத்தான நீ வாழப் போவணும்?"

"யாரு சொன்னது?"

"வாயக் கொறை. ஜாஸ்தி ஆடாத."

அடக் கடவுளே! தோற்கச் சொல்லித்தரும் தாயை வைத்துக்கொண்டு நான் எங்கே போய் முட்டிக்கொள்வது? அப்பாவும் அம்மாவும் காரில் மேலே போய்விட்டார்கள்; கார் நிற்கும் இடம்தான் எல்லை. கோபத்திலேயே ஓடினேன். இரண்டாவது வளைவில் அவனைத் தாண்டினேன். எனக்கும் மூச்சு வாங்கியது, ஆனால் நிற்கவில்லை. காரைத் தொட்டுத் திரும்பிப் பார்த்தால் அவனைக் காணவே காணோம். ஒருவழியாக வந்தவன் சாலையோரம் உட்கார்ந்து வாந்தி எடுத்தான்.

அப்பா அவனுக்குத் தண்ணீர் கொடுத்து முதுகைத் தடவினார். "இன்னா மாப்ள, பொண்ணாச்சேன்னு வுட்டுக் குடுத்துட்டியா?"

அவன் என்னைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்து, "ஆமா மாமா" என்றான்.

பொய்! கொஞ்சமும் வாய் கூசாமல் சொன்ன பொய்! "நெஞ்சத் தொட்டுச் சொல்லு" என்று கத்தினேன். அப்பா என் மேல் எரிந்து விழுந்தார்.

"அந்தப் புள்ள எவ்ளோ பெருந்தன்மையா நடந்துக்கினான், உனக்கு இன்னா திமிரு! அகாடமியும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்."

இரண்டு நாள் கழித்து அவனை வழியனுப்ப பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். சென்னை பஸ் அந்தக் கோடியில் நின்றது. அப்பா அவனுடைய கறுப்பு டிரங்குப் பெட்டியைக் காட்டி என்னைக் கூப்பிட்டார்.

"நீ தூக்கும்மா. மாப்ளைக்கு மலையில ஓடின கால்வலி இன்னும் போவல."

பஸ் வரைக்கும் நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். அங்கிருந்த ஒருவருக்கும் அதில் எதுவும் உறைக்கவில்லை.